பத்தியில் இல்லாத வரி

விடிந்ததுமே மிலென் கிளம்பத் தயாராகிவிட்டான். ஒரு கையில் டேப் சுருள், மறு கையில் குண்டூசி டப்பா. தோளில் தொங்கிய பைக்குள் கறுப்புக் கரை போட்ட காகிதங்கள். ஒவ்வொரு காகிதத்திலும் போயான் சிரித்துக்கொண்டிருந்தான்.

'நீ இல்லாமல் அரை ஆண்டு' என்று மேலே. அம்மா, அப்பா, தங்கை என்று கீழே. நடுவில் பத்தொன்பது வயதுப் பையனின் படம், போன கோடையில் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் எடுத்தது. டை கோணலாக இருந்தது. அதைச் சரிசெய்து தரட்டுமா என்று அச்சகத்துப் பெண் கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் ரூமியானா.

ஓரியாகோவோ ஊரில் செத்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் போய்விடுவதில்லை. விளக்குக் கம்பத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ரொட்டிக் கடை வாசலிலும் முகம் காட்டிக்கொண்டே இருப்பார்கள். மழையில் ஊறிக் கிழிந்தால் அடுத்த நினைவு நாளுக்குப் புதுக் காகிதம் வரும்.

நவம்பர் மாத மூடுபனியில் அப்பாவும் பிள்ளையும் மீன் பிடிக்கப் போனார்கள். படகு கவிழ்ந்தது. அப்பா மட்டும் கரையேறினான். பிள்ளையை டான்யூப் நதி சில நாள் கழித்துக் கீழே ஒரு தீவின் நாணலில் கொண்டுபோய் விட்டது. இந்த வீட்டுக் கதையை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும். இன்றுதான் புதிதாக வருகிறவர்களுக்கும் இவ்வளவு தெரிந்தால் போதும்.

அதன்பின் அந்த வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. ரூமியானா அழக்கூட இல்லை. அடக்கம் முடிந்த மறுநாளே பள்ளிக்கூடம் போனாள். "கல்லுடீ அவ" என்று மார்க்கெட்டில் சொன்னார்கள். அவள் காதிலும் விழுந்தது.

"ரூமி, பாய்லர்ல அழுத்தம் குறைஞ்சா கீழ இருக்கிற சிவப்புத் திருகைத் திருப்பணும். இடப்பக்கமா. வலப்பக்கம் திருப்பினா உடைஞ்சிடும்" என்றான் மிலென் வாசலில் நின்றபடி.

"சரி."

"நெவேனாவுக்குக் காட்டிட்டேன். இருந்தாலும் உனக்கும் சொல்றேன்."

"சரிப்பா. எனக்கு முதல் பீரியடே ஏழாம் கிளாஸ்."

"கூரையில விரிசல் விட்ட ஓடெல்லாம் மாத்தியாச்சு."

"பார்த்தேன்." அவள் திருத்திய விடைத்தாள்களைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். "கல்லறையில குடுக்கற கோதுமை வெந்து ரெடியா இருக்கு. சர்க்கரை தூவ வேண்டியதுதான். பள்ளிக்கூடம் விட்டதும் நேரா கல்லறைக்கு வந்துடறேன். பாதிரியார் நாலு மணின்னார்."

"நானும்..." என்று இழுத்தான். "நானும் வந்துடறேன்."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால், அவன் தன் ஒரே நல்ல வெள்ளைச் சட்டையை எதற்காக மடித்துத் திறந்த பைக்குள் காகிதங்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான் என்று கேட்டிருப்பாள். சமையலறை மேஜையில் பாலில் ரொட்டியை ஊறப்போட்டுக்கொண்டிருந்த நெவேனா பார்த்தாள். பதிமூன்று வயதுப் பெண். அப்பாவின் பையைப் பார்த்தாள், அம்மாவின் குனிந்த தலையைப் பார்த்தாள். கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

*

"தலைப்பு வேற, கருத்து வேற. எத்தனை தடவை சொல்றது?"

ஏழாம் வகுப்பில் ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. வெளியே அகாசியா மரம் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் நாடு முழுவதும் ஒரே பரீட்சை. அதில் வாங்கும் மதிப்பெண்தான் யார் நகரத்து நல்ல பள்ளிக்குப் போவார்கள், யார் இங்கேயே கிடப்பார்கள் என்பதைத் தீர்மானிக்கும். ரூமியானா சாக்கட்டியை உடைத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"வாஸ்கோ, பத்தியைப் படிச்சியா?"

"படிச்சேன் டீச்சர். ஒரு ஊர்ல ரயில் நிக்கறது நின்னு போச்சு. ஸ்டேஷன் மூடியாச்சு. ஆனா யாரோ தினமும் வந்து ஸ்டேஷன் கடிகாரத்துக்குச் சாவி குடுக்கிறாங்க. பெஞ்சுக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்க. தண்டவாளத்துல புல்லைப் பிடுங்கறாங்க."

"முக்கியக் கருத்து என்ன?"

"ரயில்வேகிட்ட பணம் இல்ல."

வகுப்பு சிரித்தது.

"அது உங்கப்பா சொல்ற கருத்து. பத்தி சொல்றது என்ன?"

"கடிகாரம்" என்றது ஒரு குரல்.

"கடிகாரம்ங்கறது ஒரு சொல். தலைப்பு. கடிகாரத்தைப் பத்தி என்ன சொல்ல வர்றாங்க? முழு வாக்கியமா வரணும்." அவள் புத்தகத்தில் ஒரு வரியின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக் காட்டினாள். "இப்படி ஒவ்வொரு வரியா மறைச்சுப் பாருங்க. பெயிண்ட்டை மறைச்சா பத்தி விழுந்துடுமா? விழாது. புல்லை மறைச்சா? விழாது. ஆனா இது எல்லாம் ஒரே பக்கம் கை நீட்டுது. எந்தப் பக்கம்?"

தெமெனூகா கையைத் தூக்கினாள். முன் வரிசையில் உட்காரும், காதில் பெரிய வளையம் போட்ட பெண். "அந்த ஊர்ல ஒருத்தர் மட்டும் ரயில் திரும்ப வரும்னு நம்பறார் டீச்சர்."

"அப்படி எங்க எழுதியிருக்கு?"

"எங்கயும் எழுதல."

"அதேதான்! பரீட்சையில இந்த மாதிரிதான் வரும். பத்தியில அந்த வரியே இருக்காது. ஆனா அந்த வரிக்காகத்தான் பத்தியையே எழுதியிருப்பாங்க. சரி, புத்தகத்தை மூடுங்க. இப்ப வாயால. உங்க வீட்ல இந்த வாரம் நடந்ததை அஞ்சாறு வரி சொல்லுங்க. முக்கியமானதைச் சொல்லக் கூடாது. மத்தவங்க கண்டுபிடிக்கட்டும். யார் முதல்ல?"

தெமெனூகாவே எழுந்தாள். "அம்மா திரைச்சீலை எல்லாம் துவைச்சாங்க. அப்பா முட்டையிடற கோழியையே அடிச்சார். அண்ணன் வெளியில பீர் குடிக்கக் கூடாதுன்னு உத்தரவு. அக்கா புருவத்தை ஒதுக்கிட்டு வந்தா. நாய்க்குக்கூட குளியல்."

"உங்கக்காவுக்கு மாப்பிள்ளை வர்றான்!" என்று வகுப்பே கத்தியது.

"மாப்பிள்ளை நாயையும் பார்க்க வர்றானா?" என்றான் வாஸ்கோ. மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். ரூமியானாவுக்குக்கூட உதட்டோரம் அசைந்தது. "நல்லா இருந்துது தெமெனூகா. அடுத்தது?"

கடைசி பெஞ்சில் நெவேனா எழுந்து நின்றாள்.

அம்மா எடுக்கும் வகுப்பில் அவள் வாயே திறப்பதில்லை. தாயின் வகுப்பில் பிள்ளை படிப்பது இருவருக்குமே சங்கடம். கேள்வி கேட்டால் சலுகை என்பார்கள், கேட்காவிட்டால் அதுவும் சலுகைதான். ஆறு மாதமாக ரூமியானா அவளைக் கேட்பதை விட்டிருந்தாள்.

"சொல்லு" என்றாள்.

நெவேனா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்கப்பா குளிர்காலத்துக்கு வேணுங்கற விறகை எல்லாம் இப்பவே வெட்டி அடுக்கிட்டார். மே மாசத்துலயே. பாய்லரை எப்படிப் பத்த வைக்கறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தார். படகை சித்தப்பாகிட்ட குடுத்துட்டார், காசு வாங்கல. கூரையில ஓடு மாத்தினார். துறைமுகத்துல அவர் ஓட்டற கிரேனோட சாவியை ஒப்படைச்சுட்டு வந்தார். நேத்து எனக்குத் தலை பின்னி விட்டார். அவருக்குப் பின்னவே தெரியாது. மூணு தடவை அவுத்து அவுத்துப் பின்னினார்."

வகுப்பு இன்னும் சிரிப்பின் மிச்சத்தில் இருந்தது.

"உங்கப்பா ரொம்ப உழைப்பாளி" என்றது ஒரு குரல்.

"வீட்டை விக்கப் போறீங்க."

"வேலைக்கு லீவு போட்டிருக்கார்."

நெவேனா எல்லாவற்றுக்கும் தலையாட்டி இல்லையென்றாள். தெமெனூகா திரும்பி அவளைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது.

"உங்கப்பா எங்கயோ போகப் போறார்" என்றாள் தாழ்ந்த குரலில்.

ரூமியானா கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். விறகை அவளும் பார்த்திருந்தாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டும் மனுஷனுக்கு, வெட்டட்டும் என்று நினைத்திருந்தாள். கூரையைப் பார்த்திருந்தாள். படகு போனதில் நிம்மதிகூடப் பட்டிருந்தாள். கிரேன் சாவி மட்டும்தான் தெரியாது. ஆனால் அதை மறைத்துவிட்டாலும் பத்தி விழவில்லை.

"இதை ஏன் வீட்ல சொல்லல?" என்றாள். டீச்சர் குரலில்தான் கேட்க நினைத்தாள். வந்தது வேறு குரல்.

"வீட்ல சொன்னா தட்டைக் கழுவி வைன்னு சொல்லுவ. இங்கதான் நீ கேட்டே ஆகணும்."

யாரோ பெஞ்சில் அசைந்த சத்தம் கேட்டது.

"அம்மா, இன்னிக்குப் பையில சட்டை எடுத்து வெச்சிருக்கார்" என்றாள் நெவேனா. வகுப்பில் அவள் அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நீ போ. இவங்களை நான் பார்த்துக்கறேன்."

சாக்கட்டியை எங்கே வைத்தோம் என்று ரூமியானாவுக்குத் தெரியவில்லை. தலைமையாசிரியை அறையைத் தாண்டி ஓடினாள். "என்ன ஆச்சு ரூமியானா?" என்று உள்ளேயிருந்து கேட்டது. பதில் சொல்ல நிற்கவில்லை.

*

ஊர் மேட்டில் இருக்கிறது, ஆறு கீழே. பள்ளியிலிருந்து துறைக்கு இறங்கும் பாதை செங்குத்து. ரூமியானா இறங்கி ஓடினாள். வழியெல்லாம் போயான் சிரித்தான். தபால் அலுவலக வாசலில், மருந்துக் கடைக்குப் பக்கத்தில், மல்பெரி மரத்தில். எல்லாவற்றையும் நேராக, பொறுமையாக, மூலைக்கு மூலை அழுத்தி ஒட்டியிருந்தான் மிலென்.

அவள் ஆற்றை மட்டுமே நினைத்தாள். மழை நீர் வந்து ஆறு பெருகிக் கிடந்தது, பழுப்பு நிறத்தில். வெள்ளைச் சட்டை எதற்கு ஒருவனுக்கு? எதற்காக அதை எடுத்து வைத்துக்கொள்வான்? அந்த எண்ணத்தை அவள் முழு வாக்கியமாக வர விடவில்லை.

அக்கரையில் இருக்கும் ருமேனியாவுக்குப் போகும் பெர்ரிக்காக லாரிகள் வரிசையில் நின்றன. டிக்கெட் கூண்டின் பக்கச் சுவரில் மிலென் கடைசிக் காகிதத்தை வைத்து டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தான்.

இருந்தான். நின்றுகொண்டிருந்தான்.

அவள் முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினாள்.

"என்ன, கிளாஸ் இல்லையா?" என்றான்.

"என்ன செய்யப் போற நீ?"

"இது ஒண்ணுதான் பாக்கி. ஒட்டிட்டா முடிஞ்சுது."

"அதைக் கேக்கல. விறகு என்ன, கூரை என்ன, சாவியை ஒப்படைச்சது என்ன? பையில சட்டை எதுக்கு?"

மிலென் டேப்பை அழுத்தித் தேய்த்தான். அப்புறம் படகு கட்டும் கட்டையின் மேல் உட்கார்ந்தான். "சாயங்காலம் ஒரு இழுவைப் படகு வருது. சரக்கு ஏத்திட்டு மேல, ஜெர்மனிப் பக்கம் போகுது. தளத்து வேலைக்கு ஆள் கேட்டாங்க. கல்யாணத்துக்கு முன்னால செஞ்ச வேலைதான். சரின்னுட்டேன்."

"வேலைக்கா? வேலைக்கா போற?"

அவள் சிரித்துவிட்டாள். அசிங்கமான, உடைந்த சிரிப்பு. டிக்கெட் கூண்டிலிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். மிலெனுக்குப் புரிந்தது.

"அப்படி நினைச்சா ஓடி வந்தே?"

அவள் ஆற்றைப் பார்த்தாள்.

"பனி கொட்டினப்போ அப்படியும் தோணுச்சு" என்றான் அவன். "சொல்றேன், மறைக்கல. நெவேனா இருக்கா. அதனால அது இல்ல. இது வெறும் வேலை."

"எனக்கு எப்ப சொல்றதா இருந்தே?"

"கல்லறையில வெச்சு சொல்லலாம்னு நினைச்சேன். அங்க நீ நின்னு கேப்பன்னு." தொலைவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. "ரூமி, ஊரே என்னைக் கேட்டுடுச்சு. போலீஸ்காரன் கேட்டான். பாதிரியார் கேட்டார். சூரியகாந்தி விதை விக்கிற கிழவி கேட்டா. குழந்தைங்ககூடக் கேட்டுது, என்ன ஆச்சு மாமான்னு. ஒரே ஒருத்தி கேக்கல."

"நான் உன்னைத் திட்டினேனா? ஒரு வார்த்தை?"

"திட்டியிருந்தா இருந்திருப்பேன்."

ரூமியானா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் குண்டூசி டப்பா இருந்தது.

"கேட்டா பதில் சொல்லிடுவியேன்னு பயந்தேன்" என்றாள். "இப்ப கேக்கறேன். சொல்லு."

அவன் சொல்ல ஆரம்பித்தான். மோட்டாருக்கு எண்ணெய் மாற்றியதிலிருந்து ஆரம்பித்தான். எந்தப் பக்கம் பனி தடிமனாக இருந்தது, பிளாஸ்க்கில் டீயா காபியா, போயான் எந்தக் கையுறையை மறந்து வந்தான், தூண்டிலில் எதை மாட்டினார்கள். வேறு நாளாக இருந்தால் 'விஷயத்துக்கு வா' என்றிருப்பாள். இருபது வருஷமாக அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே அதுதான், எதைத் தள்ளலாம் என்று. இப்போது எதையும் தள்ள மனம் வரவில்லை. டீயா காபியா என்பதுகூட வேண்டியிருந்தது. டீ. எலுமிச்சை போட்டது.

"சிரிச்சுக்கிட்டிருந்தான்" என்றான் மிலென். "நீ முதல் முதல்ல சீஸ் வெச்சு பாணித்சா சுட்டுக் கருக்கினியே, அதைச் சொல்லிக்கிட்டிருந்தேன். அம்மா எனக்கு இன்னும் அப்படித்தான் தர்றான்னு சிரிச்சான். மோட்டார் இருமுச்சு. அதைப் பார்க்கத் திரும்பினேன். எங்கிருந்தோ ஒரு பெரிய கப்பலோட அலை. தண்ணிக்குள்ள இருந்தேன். மேல வந்தேன். படகு குப்புறக் கிடந்துது. அவன் இல்ல."

அவன் கையை விரித்துப் பார்த்தான்.

"எல்லாரும் என்கிட்ட ஏதோ இருக்குன்னு நினைக்கிறாங்க. கையைப் பிடிச்சேனா, விட்டேனா, கூப்பிட்டானா. ஒண்ணுமே இல்ல ரூமி. நான் பார்க்கவே இல்ல. என் புள்ள போனதை நான் பார்க்கல. உனக்குச் சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. அதைத்தான் சொல்ல முடியல."

பெர்ரி கரையில் வந்து முட்டி நின்றது. இரும்புப் பலகை இறங்கும் சத்தத்தில் கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை.

"போகாதேன்னு சொன்னா?" என்றாள் அவள்.

"சொல்றியா?"

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். நல்ல முகம், இருபது வருஷமாகப் பார்த்த முகம். ஆனால் தண்ணீரிலிருந்து திரும்பி வந்த முகம் அதுதான். ஒவ்வொரு காலையிலும் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வருவது அதுதான், மகனுடையது அல்ல. ஆறு மாதமாக அவள் நிமிர்ந்து பார்க்காமலிருந்ததற்குக் காரணம் அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. அதில் அவன் தவறு ஒன்றுமில்லை. தெரிந்தும் வாய் மூடிக்கொண்டது.

மிலென் தலையசைத்தான், ஏதோ நியாயமான விலை சொல்லப்பட்டதுபோல.

"நெவேனாகிட்ட நாளைக்குச் சொல்லு. இன்னிக்கு வேணாம்."

"அவதான் எனக்கே சொன்னா" என்றாள் ரூமியானா.

அவன் எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

*

நாலு மணிக்கு மூவரும் கல்லறையில் நின்றார்கள். பாதிரியார் அவசரமாகப் பாடினார், அவருக்கு இன்னொரு வீடு பாக்கி. ரூமியானா வெந்த கோதுமையைக் காகிதக் கிண்ணங்களில் போட்டு எல்லோருக்கும் கொடுத்தாள். மேலே சர்க்கரையும் வால்நட்டும். மிலென் சிவப்பு ஒயினை மண்ணில் சிலுவை போல ஊற்றினான்.

"கடவுள் அவனை மன்னிக்கட்டும்" என்று வழக்கப்படி ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"எவ்வளவு திடமா நிக்கிறா பாரு" என்று பின்னால் ஒரு பெண் சொன்னாள். புகழ்ச்சியா குத்தலா என்று தெரியவில்லை.

நெவேனா அப்பாவின் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். கல்லறைக்கு வந்ததும் அவனிடமிருந்து வாங்கியதைக் கீழே வைக்கவே இல்லை. கல்லறை வாசலில் மிலென் கை நீட்டியபோது, "துறை வரைக்கும் நான் தூக்கறேன்" என்றாள்.

"கனமா இருக்கும்மா."

"தெரியும்."

*

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தபோது இழுவைப் படகு வந்தது. துருப்பிடித்த பச்சை நிறம். பின்னால் இரண்டு நீளமான சரக்குப் படகுகள். மேல் தளத்தில் ஒருவன் பனியனோடு நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். "நீதான் புது ஆளா? சமைக்கத் தெரியுமா?" என்று கத்தினான்.

"கருக்காம சுடத் தெரியும்" என்று மிலென் பதிலுக்குக் கத்தினான். பிறகு ரூமியானாவைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். அவளுக்கு அது வலித்தது. ஆனாலும் நல்லதாகவும் இருந்தது.

பலகை போட்டார்கள். நெவேனா பையைக் கொடுக்கவில்லை.

"அப்பா, திரும்பி வருவியா?"

"வேலை இலையுதிர் காலம் வரைக்கும்தான்" என்று ஆரம்பித்தான் மிலென். "ஆனா செப்டம்பர்ல ஆத்துல தண்ணி குறைஞ்சிடும். அப்ப மேலேயே எங்கயாவது நிறுத்திடுவாங்க. லின்ஸ் பக்கம் இல்லன்னா பாஸாவ். சம்பளம் மாசாமாசம் அம்மா கணக்குக்கு வந்துடும். போன் சில இடத்துல எடுக்காது, பயப்படக் கூடாது. உனக்குப் பரீட்சை இருக்கு. நல்ல மார்க் வாங்கினா சோஃபியாவுக்குப் போ, இங்கேயே கிடக்காதே. பூனைக்கு மீன் முள்ளு போடாதே. என் பழுப்பு பூட்ஸை எடுத்து வெக்க மறந்துட்டேன், அதுக்கு எண்ணெய் போடணும், விட்டா தோல் வெடிச்சுடும். அம்மாவுக்கு ராத்திரியில கால் மரத்துப் போகும், சொல்ல மாட்டா, நீயே தேய்ச்சு விடு. கேட்டுக் கதவுல கீல் கிரீச்சுங்குது, அது ஒண்ணுதான் பாக்கி, நேரமில்ல..."

தளத்து ஆள் சீட்டியடித்தான். மிலென் இன்னும் பேசிக்கொண்டே இருந்தான். நெவேனா ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். பிறகு பையை அவன் தோளில் தானே மாட்டிவிட்டாள். மிலென் மகளின் தலையில் கை வைத்தான். அவன் பின்னிய பின்னல், ஒரு பக்கம் ஏற்கெனவே அவிழ்ந்திருந்தது.

ரூமியானாவிடம் அவன் எதுவும் சொல்லவில்லை. அவள்தான் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அப்போது கை கழுத்தில் பட்டது. ஆறு மாதத்தில் முதல் தடவை.

படகு விலகியது. மேல்நோக்கிப் போகிற படகு என்பதால் மெதுவாகத்தான் போனது. நெடுநேரம் பார்க்க முடிந்தது.

மேட்டுப் பாதையில் இருவரும் ஏறினார்கள். ரொட்டிக் கடைக்காரி ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அவர் வரமாட்டார்" என்றாள் ரூமியானா. குரல் தட்டையாக இருந்தது. "சோஃபியாவுக்குப் போன்னார். உன்னை ஊரை விட்டே போகச் சொல்றார். கீலைக்கூட இனிமே சரிபண்ண முடியாதுன்னு சொல்லிட்டுப் போறார். அதுதான் அர்த்தம்."

"இல்ல."

"என்ன இல்ல?"

"பூட்ஸுக்கு எண்ணெய் போடச் சொன்னார்" என்றாள் நெவேனா. "வராதவங்களுக்கு பூட்ஸ் வெடிச்சா என்ன, வெடிக்காட்டி என்ன?"

ரூமியானா நின்றாள். எந்த வரியைத் தள்ளுவது, எதை வைத்துக்கொள்வது என்று அவளால் சொல்ல முடியவில்லை. வகுப்பில் இப்படி ஒரு பத்தி வந்திருந்தால், விடை என்ன என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருப்பாள்.

"எது சரி அம்மா? நான் சொல்றதா, நீ சொல்றதா?"

"தெரியல நெவேனா."

"நீ டீச்சர்தானே."

"தெரியலம்மா."

நெவேனா கொஞ்சம் யோசித்தாள். "பூட்ஸ் எங்க இருக்கு?"

"கட்டிலுக்கு அடியில. அவரோடது பழுப்பு. போயானோடது கறுப்பு, அதுக்குப் பக்கத்துலயே..."

அவன் பெயரை அவள் வாயால் சொல்லி எத்தனை நாள் ஆகியிருந்தது! சொன்ன பிறகு வாய் மூடவில்லை. முதலில் ஒரு சத்தம் வந்தது, இருமல் போல. ரொட்டிக் கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். ரூமியானா நடைபாதைக் கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்தாள், பாவாடையில் புழுதி படுவதைக்கூடப் பார்க்காமல். ஊர் நடுத்தெருவில், இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, வாய்விட்டு அழுதாள்.

ரொட்டிக் கடைக்காரி ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நெவேனா அம்மாவின் கைப்பையை எடுத்து நெஞ்சோடு அணைத்தபடி பக்கத்திலேயே நின்றாள். எழுந்திரு என்று சொல்லவில்லை. கீழே ஆற்றின் வளைவில் பச்சைப் படகு திரும்பி மறைந்தது. அதை அவள் மட்டும் பார்த்தாள்.